கற்பூரம் மணத்த கிணறு

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அந்த வாசனை முதன்முதலாக வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எதிர்வீட்டு மாமி எங்கள் வாசற்படி ஏறி வந்துவிட்டாள், அதனால்தான்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகன் திருச்சானூரிலேயே பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது. மருமகள் திருத்தணிப் பக்கத்துப் பெண். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். "இதெல்லாம் எதுக்கு அத்தே?" என்று நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். நீ எழுதும்மா, வேண்டாததை யாராவது தள்ளிவிட்டுப் படிப்பார்கள் என்கிறேன்.

நான் நகரிக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்தவள். கல்யாணமாகித் திருச்சானூருக்கு வந்த புதிதில் சத்தமில்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. புகுந்த வீட்டில் பூக்கட்டுகிற தொழில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் உண்டு. அதில் கனகாம்பரம், மரு, துளசி. நடுவில் கிணறு. என் மாமியார் வெட்டவைத்த கிணறு அது. தண்ணீர் வருகிறவரைக்கும் யாருக்கும் சோறு கிடையாது என்று குழிக்குப் பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். பொல்லாதவள். ஆனால் அவள் வெட்டவைத்த கிணறு ஒரு கோடையிலும் எங்களைக் கைவிட்டதில்லை. குடிக்க, குளிக்க, பூவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். குழாய்த் தண்ணீர் தோன்றினால் வரும், தோன்றாவிட்டால் வராது.

வீடு இருக்கிற இடத்தையும் சொல்ல வேண்டும். பின்னால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க். முன்னால் சந்து. சந்தைத் தாண்டினால் மாமி வீடு. அவள் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் கொஞ்சம் வயல், அதற்கும் அப்பால் சுவர்ணமுகி ஆறு.

மாமியின் வீட்டுக்காரர் தாயார் கோயிலில் கைங்கரியம் செய்கிற பரம்பரை. மாமிக்கு மடி ஆசாரம் அதிகம். இத்தனை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். சந்துக்கு நடுவில் நின்றுகொண்டு உலகத்துக் கதையெல்லாம் பேசுவோம். என் பிரசவத்துக்கு மருந்து அரைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்ததில்லை. நானும் கொடுத்ததில்லை. அது அப்படித்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை.

அந்த வருஷம் மழை நல்ல மழை. மழை விட்ட பிறகு ஒரு காலையில் தண்ணீர் இறைத்தால் மூக்கில் சுரீரென்று ஒரு வாசனை. இனிப்பாகவும் இருக்கிறது, காரமாகவும் இருக்கிறது. வாளியைச் சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறம் ஓடுகிறது. நீலம், பச்சை, கொஞ்சம் செந்தூரம். இவ்வளவு அழகாக ஒரு வாளித் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. சந்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாமி தூர நின்றே மோந்தாள். அப்புறம் கிட்டே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏண்டி, பச்சைக் கற்பூர வாசனைன்னா வர்றது! தாயார் சன்னிதித் தீர்த்தம் மாதிரியே இருக்குடி!"

"மெய்யாவா மாமி?"

"தினம் தீர்த்தம் வாங்கிக்கறவளுக்குத் தெரியாதா? எங்கே உன் கிணறு?"

அப்படித்தான் மாமி எங்கள் படியேறி, வீட்டுக்குள் நுழைந்து, கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் தானே ஒரு சொம்பு கொண்டுவந்து தானே இறைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் சாப்பிட வந்த என் மகன் கையலம்பும்போதே சொல்லிவிட்டான். அவன் திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"யம்மோவ், இன்னா இது? பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"ஒன் சட்டைய மோந்து பாரு. நீ வூட்டுக்குள்ள வந்தாலே எல்லாம் பெட்ரோல் நாத்தந்தான்."

"சட்டை இல்லம்மா, தண்ணி! கையைப் பாரு, எண்ணெ மாதிரி கீது."

"தாயார் தீர்த்தத்தப் போயி நாத்தம்ன்றான் பாரு. பேசாத துன்னுட்டுப் போடா."

அவன் மதில் பக்கத்து பங்கில்தான் வண்டிக்கு பெட்ரோல் போடுவான். அந்த வாசனை அவன் சட்டையில், தலையணையில், அவன் எண்ணிவைத்த சில்லறையில் எல்லாம் உண்டு. அதனாலேயே எனக்கும் மருமகளுக்கும் அது உறைக்கவில்லை. பழகின வாசனை வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வந்தால் யாருக்கு அடையாளம் தெரிகிறது?

மாமி சொன்னால் சந்தே கேட்கும். கேன், சொம்பு, கூல்டிரிங்க் பாட்டில் என்று ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நானும் சந்தோஷமாக இறைத்துக் கொடுத்தேன். லாட்ஜில் தங்க வந்தவர்கள்கூடக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். யாரும் குடம் குடமாகக் குடிக்கவில்லை, நல்ல காலம். உள்ளங்கையில் ஒரு சொட்டு, தலையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். நாங்கள் மட்டும் அதிலேயே சமைத்தோம். சோறு ஒரு தினுசாக இருந்தது. மருமகளுக்கு வயிறு புரட்டிக்கொண்டே இருந்தது. நான் வேறு நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதும்மா.

அப்புறம் மதிலோரத்துக் கனகாம்பரம் வாடியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடியது. இலை ஓரம் கருகி, செடி செடியாகத் துளசியும் போனது. தாயார் தீர்த்தத்துக்குத் துளசி சாகுமா? அன்றைக்குத்தான் வாளியைக் கீழே வைத்தேன். மகன் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் யார் யாருக்கோ போன் போட்டான்.

பொல்யூஷன் ஆபீசிலிருந்து ஜீப் வந்தது. கூடவே பங்க் கம்பெனி அனுப்பின ஆட்கள். அவர்களில் ஒரு பெண். மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் சோதிக்கிறதுதான் அவள் படிப்பாம். குடிபாலா பக்கம் ஊர் என்றாள். "ஆயா" என்று அவள் கூப்பிட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது. பேண்ட் சட்டை, தலையில் தொப்பி, கையில் ரப்பர் உறை. கோழி கிளறுகிற மாதிரி என் பூச்செடிக்கு நடுவில் ஒரு இரும்புத் திருகாணியை வைத்துத் திருகித் திருகி மண்ணை எடுத்தார்கள். மேல் மண் செம்மண். கீழே போகப் போக நிறம் மாறி, சாம்பலும் நீலமுமாக ஒரு மண் வந்தது. என் வீட்டுக்கு அடியில் இப்படி ஒரு நிறம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவே தெரியாது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு மெஷினின் மூக்கை உள்ளே நுழைத்தாள். அது கீ கீ என்று கத்தியது.

பிறகு கிணற்றுக்குள் கயிற்றில் ஒரு நீளக் குழாய் விட்டாள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற குழாய். இழுத்துக் காட்டினாள். கீழே தண்ணீர். மேலே, ரசத்தில் நெய் மிதக்கிற மாதிரி, மஞ்சளாக ஒரு விரற்கடை.

"மேல நிக்கிது பாரு ஆயா, அது பெட்ரோல். பங்க்ல மண்ணுக்கடியில பொதச்ச டேங்க் துரு புடிச்சி ஒழுகுது. ரொம்ப நாளா ஒழுகிக்கினு இருந்திருக்கும். மழைக்குத் தண்ணி மட்டம் ஏறவும் இங்க வந்து சேந்துடுச்சி."

"பங்க் அந்தாண்ட கீது. மதிலு கட்டி வச்சிருக்கறோமே?"

"மதிலு மண்ணுக்கு மேலதான ஆயா. தண்ணி அடியில நடக்கும். ஆத்துப் பக்கமா மெள்ள நடந்துக்கினே இருக்கும். நடுவுல ஒன் கெணறு கீது."

பூமிக்கு அடியில் தண்ணீர் நடக்கும் என்பது எனக்குப் புதுசு. அன்று முழுக்க நடக்கும்போதெல்லாம் காலை மெதுவாக வைத்தேன்.

சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீர் பிடித்து, மீன் மாதிரி ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். போகும்போது சொன்னாள்: "இந்தத் தண்ணிய யாரும் தொடக்கூடாது. கெணத்தாண்ட வெளக்கு, கற்பூரம், பீடி எதுவும் கூடாது. ஆவி நிக்கிது. பத்திக்கும்."

"ஐயோ, கார்த்திகை மாசம் வருதேம்மா! கெணத்து மேடையில அகல் வைக்கணுமே?"

"இந்த வாட்டி வேணாம் ஆயா. நெசமா வேணாம்."

கிணற்றை மூட ஒரு பெரிய சிமெண்டுப் பலகை வரும் என்றார்கள். ஆனால் தாயாருக்கு பிரம்மோற்சவம் நெருங்கிவிட்டது. ஊருக்குள் லாரி விடமாட்டார்கள், உற்சவம் முடிந்துதான் என்றார்கள். பங்கை மூடினார்கள். அதன் முதலாளி தினம் எங்களுக்குக் கேன் தண்ணீர் அனுப்பினார். ஒருநாள் அவரே வந்து, "உங்க பாவிலே எப்போமே ஏதோ வாசனை உண்டு இல்லம்மா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். பாவி என்றால் கிணறு. உண்டு சார், நல்ல தண்ணி வாசனை இருந்துச்சி என்றேன். சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

தண்ணீர் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

"பெட்ரோல் கலந்து கீதும்மா, எடுக்காதீங்க" என்றால், "போன வாரம் குடுத்தியே? இப்ப மனசு வரலியா?" என்கிறார்கள். "காசு வேணும்னா கேளேன்" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெருப்பின் மேல் குறுக்குக் கோடு போட்ட ஒரு போர்டு கொண்டுவந்து கிணற்றில் கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அதற்குக் குங்குமம் வைத்திருக்கிறது. அதற்கு மறுநாள் ஒரு முழம் கனகாம்பரம். நான் கட்டிக் கொடுத்த சரமேதான். கட்டு என் கட்டு.

மாமியோ என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"தொப்பி போட்டுண்டு ஒரு பொண்ணு வந்து சொன்னா, தாயார் பிரசாதம் பெட்ரோலாயிடுமா? நான் மோந்து சொன்னேனேடி!" என்று ஒருநாள் சந்தில் நின்று கேட்டாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல மாமி. துளசி செத்துப்போச்சி."

துளசி என்றதும் அவள் முகம் மாறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று திருச்சானூர் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சக்கரத்தாழ்வாரோடு சேர்ந்து குளத்தில் முழுக வருகிற கூட்டம், ஈர வேட்டியும் ஈரப் புடவையுமாகச் சந்து சந்தாக வழியும். அன்றைக்குத்தான் எனக்கு வருஷத்திலேயே பெரிய பூ வியாபாரம். மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கி முந்தின நாளே கட்டிக் கூடையை நிரப்பி வைத்திருந்தேன். மகன் சவாரிக்குப் போய்விட்டான். நான் கூடையைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது வாசலில் கூட்டம்.

முன்னால் ஒரு பெரியம்மா. கையில் தாம்பாளம், அதில் அகல் விளக்குகள், எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக. பக்கத்தில் ஒருத்தி கற்பூரத்தை வில்லை வில்லையாகக் கையில் வைத்திருக்கிறாள். பின்னால் சந்து அடைத்துக்கொண்டு ஜனம்.

"பாவி எக்கடம்மா? தீபம் பெடதாம்" என்றாள். கிணறு எங்கே, விளக்கு வைக்கிறோம் என்று.

"வத்தம்மா, வேணாம்மா! பத்திக்கும்! பெட்ரோல்!"

"தாயார் இருக்கும்போது என்ன பத்திக்கும்? நகருங்க பாட்டி" என்றது பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல்.

மருமகள் கதவில் குறுக்காகக் கையை வைத்தாள். அவள் கைக்கு அடியில் ஒருத்தி நுழையப் பார்த்தாள். போர்டைச் சொன்னேன், மெஷின் கத்தியதைச் சொன்னேன், ஐஸ் பெட்டியைச் சொன்னேன். யார் காதில் ஏறுகிறது? ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோர் முகத்திலும் பக்தி. என் வீட்டுக்கு நல்லது செய்யத்தான் வந்திருக்கிறார்கள். பெரியம்மா தீப்பெட்டியைத் திறந்துவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கூடையைத் தரையில் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன்: "தீட்டும்மா! வூட்ல சாவு! தீட்டு!"

கை அப்படியே நின்றது.

"மைல, மைல" என்று தெலுங்கிலும் தீட்டு பின்னால் பரவியது. கதவில் சாய்ந்திருந்தவர்கள் சுவரைத் தொட்ட கையை உதறினார்கள். தாம்பாளம் ஒரு அடி பின்னால் போனது.

"யாரு போயிட்டாங்க?" என்று அந்தத் தமிழ்க் குரல் விடவில்லை.

யாரைச் சொல்வது? இருக்கிறவர்களைச் சொல்ல நாக்கு கூசியது. "என் மாமியா" என்றேன்.

மருமகள் என்னைப் பார்த்தாள். என் மாமியார் போய்ச் சேர்ந்தபோது என் மகன் கைக்குழந்தை.

"மாமியாரா? எப்போ?"

அப்போதுதான் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மாமி படியில் நின்றாள். அவளுக்குத் தெரியாத சாவா? அன்றைக்கு இந்தச் சந்திலேயே நின்று அழுதவள். என்னைப் பார்த்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். தீப்பெட்டியைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் என் பொய் போயிற்று.

"ஆமாம், தீட்டு" என்றாள் மாமி, சந்து முழுக்கக் கேட்கிற குரலில். "அவ மாமியார் பரமபதிச்சுட்டா. ஈரத்தோட வந்து தீட்டு வீட்டு வாசல்ல நிக்கறேளே, திரும்பவும் போய் முழுகணும். போங்கோ, போங்கோ!"

போனார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தே காலி. மாமி உள்ளே போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்; தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பொய்யாக இருந்தாலும் தீட்டு தீட்டுதானே.

பூவெல்லாம் கூடையிலேயே வாடியது. தீட்டு வீட்டுப் பூவைத் தாயாருக்கு யார் வாங்குவார்கள்? நானும் விற்கப் போகவில்லை. வாயால் சொல்லியாகிவிட்டது, கோயில் பக்கம் போகாமல், விளக்கு வைக்காமல், முழுசாகத் தீட்டுக் காத்தேன். மகன், "கெழவி செத்தும் நம்மள உடல பாத்தியா" என்று சிரித்தான். ஒரே மாமியாருக்கு இரண்டு தடவை துக்கம் காத்த மருமகள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

உற்சவம் முடிந்து லாரி வந்தது. பங்கில் டேங்கைத் தோண்டித் தூக்கினார்கள். நான் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்பு. அதில் ஒழுகின ஓட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. என் கிணற்றுக்கும் பலகை போட்டு மூடினார்கள். பூச்செடி மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். கொல்லையில் இரண்டு மூடி போட்ட குழாய்கள் நட்டிருக்கிறார்கள், அவ்வப்போது வந்து பார்க்க.

"மனுச தீட்டுக்கு நாளு கணக்கு கீது. இதுக்கு எப்பம்மா கழியும்?" என்று குடிபாலாப் பெண்ணைக் கேட்டேன்.

"வருசக் கணக்காவும் ஆயா. எத்தினின்னு என்னால சொல்ல முடியல" என்றாள். பிறகு சந்தைப் பார்த்தாள். "எதிர் வூட்லயும் கெணறு கீதில்ல? தண்ணி அந்தப் பக்கமாத்தான் நடக்குது."

மாமி வீட்டுக் கிணறு கொல்லையில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் வீட்டுப் பெருமாளுக்கு தினமும் திருமஞ்சனம், தளிகைச் சமையல் எல்லாம். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதையும் சோதிக்க வேண்டும் என்றால் மாமி தகராறு செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஓரமாக நின்று பார்த்தாள். என்னையும் உள்ளே வரச் சொன்னாள்.

குழாய் உள்ளே போய் மேலே வந்தது. நெய் ஒன்றும் மிதக்கவில்லை. நான் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சிருந்தாலும் இருக்கும் ஆயா. டெஸ்ட்ல பாத்தாத்தான் தெரியும்" என்று பாட்டிலை நிரப்பப் போனாள்.

மாமி தன் செப்புச் சொம்பில் தண்ணீர் இறைத்து என்னிடம் நீட்டினாள். அவள் வீட்டுச் சொம்பை நான் கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. எவ்வளவு கனம்! உள்ளே ஈயம் பூசின பழைய சொம்பு.

"எனக்கு என் மூக்கு மேல நம்பிக்கை போயிடுத்து. நீ சொல்லுடி. வர்றதா?"

மோந்தேன். ஏதோ வருகிற மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு இப்போது எல்லாவற்றிலும் அது வருகிறது. காப்பியில் வருகிறது, கேன் தண்ணீரில் வருகிறது. தீட்டுக் கழிந்து கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கினேன். அதிலும் அதுதான் வந்தது. மறுபடியும் மோந்தேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல மாமி."

"தெரியலைன்னா? வர்றதா, வரலையா?"

"தெரியல."

மாமி சொம்பை வாங்கிக்கொண்டாள். தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. உள்ளேயும் எடுத்துப்போகவில்லை. கிணற்று மேடையில் வைத்து ஒரு வாழையிலையைக் கிழித்து மூடினாள். சந்தில் என் மகனின் ஆட்டோ டெஸ்டுக்கு ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு திருப்பதிப் பக்கம் கிளம்பிய சத்தம் கேட்டது. உட்காருடி என்றாள். சொம்புக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்தோம்.